மார்த்தாள் பிடித்த எர்த் கம்பி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று சித்திரையில், மானாம்பதி முத்துகிருஷ்ணன் வீட்டு ஸ்பீக்கர் அவருடைய சம்பந்தியின் மீசையில் வலது பாதியை வெட்டிப் போட்டது. இசைத்தட்டு வைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்டுப்பட்டவர் சம்பந்தி என்பதால் அந்த வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மதராஸை விட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கிய ஜோடிப் பெட்டிகள் அவை. சத்தம் அவ்வளவு கூர். வயலின் வந்தால் கொடியில் காயும் புடவை கிழியும். பாடுகிறவள் உச்சிக்குப் போனால் முற்றத்து வாழையிலை நார்நாராகும். முத்துகிருஷ்ணன் மனைவி ஆண்டாளம்மாள் ஒரு வாரமாக அரிவாள்மணையைத் தொடாமல், கத்தரிக்காயைப் பெட்டிக்கு எதிரே காட்டி நறுக்கிக்கொண்டாள். வேலியில் எட்டிப் பார்த்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

உத்திரமேரூரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் வேதகிரி வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "பொட்டி மேல தப்பு இல்ல நைனா. அது கத்தி. கத்திய புடிக்கிற கை மெத்துனு இருக்கணும். ஆம்ப்ளிபயர மாத்துவோம்."

முதலில் டூரிங் கொட்டகையிலிருந்து ஒன்று வந்தது. ஒரு சேவலின் கொண்டை போயிற்று. அடுத்தது கல்யாணத்துக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவனுடையது. கூர் அப்படியே இருக்க, இரைச்சல் மட்டும் கூடியது. மூன்றாவது வேதகிரி தானே கட்டியது. ஆட்டுக்கல் கனம், நாலு வால்வும் சூடேறினால் அடுப்புத் தணல்தான். அதில் பாட்டு வெட்டவில்லை, கீறியது. "எர்த் கம்பிக்கு ஈர மண்ணு வோணும்," என்றான். மண்ணோ பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. குழி வெட்டித் தண்ணீர் ஊற்றும் வரை கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மாட்டுக் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்த மார்த்தாளைக் கூப்பிட்டார்கள். அவள் தாலாட்டினால் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளும் சேர்ந்து தூங்கும் என்று பேர்.

அவள் பிடித்ததும் பாட்டு நுங்காகிவிட்டது. முத்துகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். குழி வெட்டப் போன ஆளைத் திரும்பி வரச் சொன்னார்.

"ஆண்டே, கொயந்த பாலுக்குக் கத்திக்கினு கீது."

"இந்தத் தட்டு முடியட்டும். உன்ன இன்னா, ஏரா இயுக்கச் சொன்னேன்?"

பதினோரு தட்டு முடிந்தது. வெளியே நின்று கேட்டவர்கள் ஒருவர் விடாமல் இனிமை என்று தலையாட்டினோம். பொழுது சாயக் குடிசைக்குப் போன மார்த்தாள், தூளியில் கிடந்த ஆறு மாதப் பெண்ணை "மலரு" என்று கூப்பிட்டாள். குழந்தையின் இடது காதுமடலில் அரிசியளவு துண்டு அறுந்து விழுந்தது. பெட்டியில் குறைந்த கூர் எங்கே போயிற்று என்று அப்போதுதான் விளங்கியது.

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். "பாவங்க, அவள வுட்டுடுங்க," என்று ஆண்டாளம்மாள்கூடச் சொல்லிப் பார்த்தாள். "வாயத் தொறக்காத ஆளு லேசுல கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டு முத்துகிருஷ்ணன் அடுத்த தட்டைத் துடைத்தார். பதினாறு வருஷம், ஞாயிறுதோறும், மாதா கோயிலில் பூசைக்கு மணியடிக்கிற நேரத்தில் மார்த்தாள் கம்பியைப் பிடித்து நின்றாள். மலர்க்கொடி தாலாட்டுக் கேட்காமலே வளர்ந்தாள். ஊரில் எல்லாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெற்றவளைத் தவிர.

அறுபத்தொன்பது தை மாதம் அவளைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்தார்கள். பஸ்ஸுக்கு ஏரிக்கரையில் நின்றபோது கேட்டாள்: "எம்மா, ஒரே ஒரு தபா என் பேர சொல்லு. ஒன் வாயில அது எப்பிடி கீதுன்னு தெரியாமலே போறேன்."

மார்த்தாள் மகளை அங்கேயே நிறுத்திவிட்டு, ஏரியைச் சுற்றி நடந்து அக்கரைக்குப் போனாள். பஸ் வந்து, டிரைவர் நாலு தடவை ஹார்ன் அடித்தார். அங்கிருந்து சொன்னாள். இடுப்பளவு நின்ற கோரை, பேர் வந்த வழியெல்லாம் நேர்கோடாக அறுந்து சாய்ந்தது. அவ்வளவு தண்ணீரைத் தாண்டி வந்ததில் மழுங்கித்தான் போயிருந்தது. மலர்க்கொடியின் வலது காதில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவே. துடைக்காமல் பஸ் ஏறியவள், "நல்ல பேருதான்," என்றாளாம் கண்டக்டரிடம்.

ஏரியை ஏலம் எடுத்திருந்தவர் முத்துகிருஷ்ணன். அறுந்த கோரையை அவருடைய ஆட்கள் பாய்க்காகக் கட்டிக்கொண்டு போனார்கள். அன்று ஞாயிறு. மார்த்தாள் ஏரியைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் முத்துகிருஷ்ணன் வீட்டில் நாலு வால்வும் சிவந்திருந்தன. கம்பி அவளுக்காக வாசலில் கிடந்தது.