வந்தனா மாலையோடு போன கதை

எண்பத்தேழில் இரண்டாவது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த மறுவாரம், கோவிந்தம்மா கடைப் பூக்கள் தாங்களாகவே பறந்துபோய் வீடு சேர ஆரம்பித்தன. தீவில் ரராவாய்க் கரும்பாலைக்கு அப்பால், பருத்தி போட வந்த ஜெர்மன்காரர்கள் உண்டாக்கின சின்ன ஊர் அது. பூக்கடை வைத்தவரும் ஒரு ஜெர்மன்காரர்தான். சீட்டில் பேர் உள்ள ஆளிடம் மட்டுமே பூவைக் கொடுக்கவேண்டும், பக்கத்து வீட்டில் விட்டுவரக் கூடாது என்பது அவர் சட்டம். கடையை வாங்கின கோவிந்தம்மாவும் அதை மாற்றவில்லை. பூ கொண்டுபோகிற சின்னப்பன் கனடாவுக்குப் போய்விட்டபோதும் பூக்கள் சட்டத்தை விடவில்லை. பேர்ச்சீட்டுக் கட்டினால் போதும், ஆள் தலைநகர் சுவாவில் இருந்தாலும் கடல் தாண்டிச் சிட்னியில் இருந்தாலும் போய்ச் சேர்ந்தன. மழைநாளில் தாமதமாகிறது என்பதுதான் ஊராரின் ஒரே குறை.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கவிழ்ப்பு. வந்தனாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கமலேஷ் வரவில்லை. "வண்டியை வழியிலே மடக்கிட்டாங்களோ என்னமோ" என்றாள் தாய் இந்திராவதி. வந்தனா அவனுக்குப் போடவிருந்த கோவிந்தம்மா கடை மாலையில் அவன் பேரை எழுதிக் கட்டினாள். இடப்பக்கம் அவன் வீடு, வலப்பக்கம் கடல். மாலை எழும்பி வலப்பக்கம் திரும்பியது.

"ஓடிட்டான்" என்றார் சமையல்காரர்.

வந்தனா நாற்காலிமேல் ஏறி மாலையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேடி போறே? உனக்கு விசா இல்லியே!"

"மாலைக்கு மட்டும் இருக்காம்மா?"

சோதனைச் சாவடிச் சிப்பாய், மாலையைப் பிடித்துத் தொங்கியபடி பறந்துபோகிறவளை அண்ணாந்து பார்த்து, பூ யாருக்கு என்று கேட்டான். சொன்னாள். விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் பிரிஸ்பேனில், கோழி வெட்டும் ஆலையில், ரப்பர் பூட்ஸோடு நின்ற கமலேஷின் கழுத்தில் மாலை விழுந்தது. பூ வாடவில்லை. அவள்தான் கொஞ்சம் வாடியிருந்தாள்.

"விசா திடீர்னு வந்துடுச்சு வந்தனா. சொல்ல நேரமே இல்லே."

"பூவுக்கே வழி தெரிஞ்சுது. உனக்கு எங்க வீட்டு போன் நம்பர் தெரியலியா? சரி, அந்த மாலையிலே ஒரு சரம் பிரிச்சு எங்கம்மா பேரை எழுதிக் கட்டு. அதைப் பிடிச்சுக்கிட்டு நான் போறேன்."

கமலேஷ் மேற்பார்வையாளரிடம் பேனா வாங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் எழுதினான். சரத்தை விட்டான். பிடிக்கத் தயாராக வந்தனா கையைத் தூக்கினாள். சரம் வாசல் பக்கமே போகவில்லை. கோழிகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவள் கழுத்தில் விழுந்தது. வெட்டுகிறவர்கள் கத்தியை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். மேற்பார்வையாளர் வந்தனாவின் காலைப் பார்த்து அளவு சொல்லி, அவளுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்துவரச் சொன்னார்.