கண்ணுச்சாமியின் வரி

1.

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஒரு பெண் போன் செய்து, செத்துப்போன ஒருவனைப் பற்றி நாலு வரி கேட்டாள். மறுத்தேன். மறுத்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. இதன் பிறப்பு அவ்வளவுதான்.

அவள் பெயர் பவித்ரா. பிறந்தது போடிப் பக்கம் சிலமலை, வேலை சென்னையில். ஞாயிறுதோறும் காலையில் இணையத்தில் ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்துகிறாள். சினிமாவுக்குப் போகாமல் தாங்களே பாட்டுக் கட்டியவர்கள், மலைக்குடிகளில் தங்களுக்குள்ளேயே பாடிக்கொள்கிறவர்கள் என்று யாரும் கேட்காத பாட்டுகளைத் தேடி எடுத்துப் போடுகிறாள். வருடத்தில் ஒரு ஞாயிறு, அந்த ஆண்டில் மறைந்த பாட்டுக்காரர்களுக்கு. பத்திரிகையில் ஒரு வார்த்தைகூட வராமல் போனவர்களுக்கு மட்டும்.

"கண்ணுச்சாமி அய்யாவப் பத்தி நாலு வரி எழுதித் தாங்கய்யா. நீங்க கதை எழுதுறவுக. பாட்டுக்கு முன்னாடி நான் வாசிச்சிடுறேன்."

"எந்தக் கண்ணுச்சாமி?"

"ஒங்க தம்பிங்கய்யா" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லக் காரணம், நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் பயமும் அதுதான். என் பேத்தி வாழப்போகும் கம்பம் ஊர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இதை வாசிக்கலாம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறும் சாலையில், மேகம் இறங்கி வரும் வேளையில், எங்கிருந்தோ ஒரு கொட்டுச் சத்தம்…’

அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது. பயந்தவன் கையிலிருந்து இப்படி வராது.

அடுத்தது:

‘எனக்கு ஒரு தம்பி இருந்தான்

இதற்கு முற்றுப்புள்ளி வைக்க முடியவில்லை. வைத்தால் அவனைத் தம்பி என்றும், அவன் செத்தான் என்றும் நான் ஒப்புக்கொண்டதாகும். பங்காளி சாவு என்றால் வீட்டுக்குத் தீட்டு. தீட்டு வீட்டில் கல்யாணம் கிடையாது. என் மகன் ராம்பிரசாத்தின் மகள் முத்துப்பிரியாவுக்குக் கல்யாணம் அடுத்த வாரம். பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டோம்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பால்ராஜ் என்றொரு ஜீப்புக்காரன். ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை மெட்டுக்கு மேலே ஏற்றி இறக்குவது அவன் சோலி. பவித்ராவின் போனுக்கு முன்பு, ஒரு காலையில், ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் ஏற்றிய ஆட்களை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, ஒங்க தம்பி தவறிட்டாருண்ணே. மேல குடியிலயே அடக்கம் பண்ணிட்டாக."

"எனக்குத் தம்பி கிடையாதே அப்பு."

"அண்ணே, நான் கண்ணால பாத்துட்டு…"

"ஆளுக காத்துக் கெடக்காக பாரு. வெரசாக் கெளம்பு."

அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஜீப்பு வளைவு வளைவாக ஏறுவதை நினைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் யாரிடமாவது வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து தெருவில் ஜீப்பு ஹாரன் கேட்டால் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துகிறேன்.

3.

‘அந்தத் தம்பி அப்படி என்ன செய்துவிட்டான்?’ என்று நீங்கள் கேட்பீர்கள்.

முதல் படியில் அவனைக் குடிகாரனாக எழுதினேன். வசதியாக இருந்தது, ஆனால் பொய். கண்ணுச்சாமி குடித்ததில்லை. அடுத்த படியில் மேதையாக எழுதினேன். அது பவித்ராவின் கண்ணுச்சாமி, என்னுடையவன் அல்ல. என்னுடையவன் சோற்றுத் தட்டில் தாளம் போட்டு அப்பாவிடம் அடி வாங்குகிறவன்.

எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவனை மலைக்கு அனுப்பினோம். தோட்டத்துக்கு மேலே ஒரு மலைக்குடி. (அதன் பெயரை எழுத மாட்டேன். அவர்களை நான் கேட்கவில்லை.) அங்கே பாட்டு நடக்கும்போது போய் உட்கார்ந்தான். கொட்டு பழகினான். அவர்கள் சோற்றைத் தின்றான். அவர்கள் பேச்சையும் நம் பேச்சையும் கலந்து பாட்டுக் கட்டினான். கூப்பிட்டு ஆள் அனுப்பியும் வரவில்லை. அப்பா எங்கள் எல்லோரையும் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "அவன் இல்லை" என்றார். நாங்களும் ஊற்றிக்கொண்டோம்.

இதற்குத் தலைமுழுகுதல் என்று பெயர். அப்பா செய்தது சரியா என்று விசாரிக்க நான் இதை எழுதவில்லை. சொன்ன சொல் மாறாத வீடு இது. நான் சொல்ல வருவது வேறு. உயிரோடு இருக்கும்போதே தலைமுழுகிய ஆளுக்குச் சாவுத் தீட்டுக் கிடையாது. அவனைத் தம்பி என்று நான் வாயால் சொல்லாதவரை, முறைப்படி நான் சுத்தம். எதையும் தொடலாம், எங்கும் போகலாம்.

4.

பந்தக்கால் ஊன்றும் நாள் வந்தது. வீட்டு மூத்தவர் மூங்கிலில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முதல் பிடி பிடிக்க வேண்டும். குழி தோண்டியாயிற்று. பந்தல்காரன் கன்னையன் கூப்பிட்டான்.

"வாங்கண்ணே, நல்ல நேரம் போகுது."

மூங்கில் எட்டும் தூரத்தில் இருந்தது. கை எழவில்லை. தோள் பிடித்துக்கொண்டது என்று சொல்லி மகனைக் கூப்பிட்டேன்.

"ராம்பிரசாத்து, நீ பிடிப்பா."

என் மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஏலக்காய் ஏல மையத்தில் கூப்பிடுகிறார்கள் என்று தெருமுனைக்கு நடந்துவிட்டான். அவன் போன் அடித்ததை நான் கேட்கவில்லை.

"ஆத்தா, நீங்களாச்சும் மஞ்சளப் பூசுங்க" என்றான் கன்னையன், என் மனைவி சுப்புத்தாயிடம்.

"பூண்டு உரிச்ச கைடா இது. இந்த வாடையோடவா பூசுறது?"

"கழுவிட்டு வாங்களேன்."

"கழுவுனாப் போற வாடையா?"

கன்னையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "இதென்ன கூத்து! ஆளாளுக்குப் பின்னாலயே போறீக. மஞ்சளும் நானே பூசி, காலும் நானே ஊனுனா, கடைசில மாப்ளையும் நீதான்னு மணவறையில ஒக்கார வச்சிருவீக போல. எம் பொண்டாட்டி கொன்னே போட்டுருவா."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். கன்னையனே பூசி, கன்னையனே ஊன்றினான்.*

* இந்தப் பகுதியை ஒரு சிரிப்புக்காகத்தான் எழுதினேன். பயக் கதையில் வாசகருக்கு மூச்சுவிட ஓரிடம் வேண்டும் என்பது என் வழக்கம்.

5.

பவித்ரா மறுபடியும் கூப்பிட்டாள். இந்தப் பெண்ணைத் திமிர் பிடித்தவளாக எழுதத்தான் எனக்கு ஆசை. அவள் அப்படி இல்லை. பணிவாகப் பேசுகிறாள். அதனால் இன்னும் பயமாக இருக்கிறது.

"நீங்க எழுதித் தர வேணாம்யா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் குடியில செத்த பாட்டுக்காரங்களுக்குன்னு ஒரு பாட்டு வச்சிருக்காக. ஒவ்வொருத்தருக்கும் அவுக கட்டுன ஒரு வரி. மொதச் சொல்ல எல்லாரும் சேந்து குடுத்துட்டு வாய மூடிக்கிருவாக. கொட்டு மட்டும் போகும். மிச்சத்த ரத்த சொந்தம் யாராச்சும் எடுத்துப் பாடணும். எடுக்குற வரைக்கும் கொட்ட நிறுத்த மாட்டாகளாம்."

"அதுக்கு?"

"கண்ணுச்சாமி அய்யா வரிய யாரும் எடுக்கலைங்கய்யா. கொட்டிக்கிட்டே இருக்காக. போன்ல சார்ஜ் தீந்துதான் அந்தப் பதிவே நின்னுருக்கு. அந்த எடத்த வெட்டலாமான்னு கேட்டேன். வெட்டக் கூடாதுன்னுட்டாக. வெளிய யாராச்சும் கேட்டு எடுக்கட்டும்னு சொல்றாக."

பதிவை அனுப்பி வைத்தாள். நான் கேட்கவில்லை. பிறகு மாடிக்குப் போய்க் கேட்டேன்.

சுருதிப் பெட்டி கிடையாது. ஒரு முதியவரின் குரல், பிறகு பெண்கள், நடுவில் நாய் குரைக்கிறது. கூரையில் மழை. இதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நன்றாக இருந்தது என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதுகிறேன்: நன்றாக இருந்தது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுப்பது, வீட்டுக்குள் ஒரே விளக்கைக் கைமாற்றிக் கொண்டுபோவதைப் போல இருந்தது. பிறகு எல்லோரும் ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினார்கள்.

எனக்குத் தெரிந்த சொல். மலைக்குப் போகும் முன்பே அவன் கட்டிய வரி. எங்கள் வீட்டில், என் காது கேட்கக் கட்டியது. அடுத்து வருவது முழுதும் எனக்குத் தெரியும். ‘மெட்டேறிப் போ

வேண்டாம்.

கொட்டு போய்க்கொண்டே இருந்தது. வேகம் கூடவில்லை, குறையவில்லை. வாசலில் யாரோ நின்று கதவைத் தட்டாமல் காத்திருப்பதைப் போல. என் உதடு அசைந்திருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

6.

நேற்று இதை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். நாலாம் பகுதியில் வாசிப்பு நின்றுவிட்டது.

என் கை ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியும். ராம்பிரசாத்தின் கை ஏன் எழவில்லை? அடிக்காத போனில் அவன் யாரிடம் பேசினான்? சுப்புத்தாய் அன்று பூண்டே உரிக்கவில்லை. காலைச் சாப்பாட்டை வெளியிலிருந்து வாங்கியிருந்தோம். சில நாட்களாகச் சாமி அறையில் விளக்கேற்றுவது வேலைக்கு வரும் மூக்கம்மாள்தான். சுப்புத்தாய்க்கு முழங்கால் வலி என்று நானே நினைத்துக்கொண்டேன்.

எழுதிய கை என்னுடையது. எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. நான் ரகசியம் காத்த பாத்திரங்கள், எனக்குத் தெரியாமல் அதே ரகசியத்தைக் காத்துக்கொண்டு, என் கதைக்குள் என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

பால்ராஜ் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும்.

ஏன் யாரும் பேசவில்லை என்பதற்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சாவுச் செய்தியை மூத்தவர் வாயால் சொன்ன பிறகுதான் அது செய்தி. அதுவரை யாரும் அழக் கூடாது. மதுரை ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தபோது, எல்லோருக்கும் தெரிந்தும், நான் வந்து முற்றத்தில் நின்று சொல்லும் வரை ஒரு பொட்டுக் கண்ணீர் விழவில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இப்போதும் அந்த மூத்தவர் நான்தான். அவர்கள் காத்திருக்கிறார்கள். அடுக்களையில் தட்டு வைக்கும் சத்தம்கூட மெதுவாகக் கேட்கிறது.

7.

முடிவுகள்.

(அ) யாரும் பேசவில்லை. கல்யாணம் நடக்கிறது. முத்துப்பிரியா கம்பத்துக்குப் போகிறாள். பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், அந்த வீட்டில் ஒரு குழந்தை கீழே விழுந்தாலும், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். சாகும்வரை பார்ப்போம். இதை என்னால் எழுத முடியவில்லை.

(ஆ) நான் சொல்கிறேன். பந்தலைப் பிரிக்கிறார்கள். சம்பந்தி வந்து, "எப்பச் செத்தாரு?" என்று கேட்கிறார். நான் பதில் சொன்னதும், "அப்பப் பந்தக்கால் ஊனும்போதே

இதையும் முடிக்க முடியவில்லை.

(இ) பாட்டு ஒலிபரப்பாகவில்லை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. கதையில் எழுதும் முன் நிஜத்திலேயே முயன்றேன். நானே பவித்ராவைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பாட்டப் போடாத தாயி."

"சரிங்கய்யா. ஆனா அந்தக் குடியில எங்கிட்ட ஒப்படச்சுருக்காக. சும்மா நிறுத்த முடியாது. சொந்தக்காரரு வேணாம்னு சொன்னா நிறுத்திடுறேன். ‘நான் அவரு அண்ணன், வேணாம்’னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

நான் சொல்லவில்லை. அவளும் வைக்கவில்லை. அவள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. கடைசியில் நான்தான் வைத்தேன்.

8.

ஞாயிறு காலை. இனி நான் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. பார்ப்பதை எழுதுகிறேன்.

கூடத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை; இந்த நிகழ்ச்சி பற்றி இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ராம்பிரசாத் பேப்பரை விரித்து வைத்திருக்கிறான், பக்கம் புரட்டவில்லை. சுப்புத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முத்துப்பிரியா போனைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறாள். இவளுக்குமா என்று நினைக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தொடுகிறாள்.

பவித்ராவின் குரல். யார் யாரோ மறைந்தவர்களின் பெயர்கள். ஒரு மீனவர், ஒரு ஆலைத் தொழிலாளி, கோயில் வாசலில் பாடிய ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு. பிறகு, "போடிக்கு மேல் உள்ள மலையிலிருந்து, கண்ணுச்சாமி" என்கிறாள். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறாள். வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை.

முதியவர். பெண்கள். மழை. அந்தச் சொல்.

எல்லோரும் வாயை மூடுகிறார்கள். கொட்டு மட்டும்.

ராம்பிரசாத்தின் கை போனை நோக்கி நீள்கிறது.

"தொடாதடா" என்கிறாள் சுப்புத்தாய். சத்தமே இல்லாமல் சொல்கிறாள். "பெரியவரு இருக்காருல்ல."

"அம்மா, வாசக் கதவு தெறந்து கெடக்கு. தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும்."

முத்துப்பிரியா என் பக்கம் நகர்ந்து உட்கார்கிறாள். "தாத்தா" என்கிறாள். அவ்வளவுதான். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கைவிரல்கள் சில்லிட்டிருக்கின்றன. அவளுக்கும் என்னைப் போலவே பயம். எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்க இது நேரமில்லை. நான் பேசினால் அவள் கல்யாணம் நிற்கும். பேசாவிட்டால், இந்தக் கை இப்படியே சில்லிட்டபடி கம்பத்துக்குப் போகும்.

பதிவு எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று எனக்கு மட்டும் தெரியும். அது வரைதான் எனக்கு நேரம். இன்னும் அறுபடவில்லை.

எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நீங்களும்.