துவக்கு உதைத்த தோள்

அளவெடுக்கும்போது நான் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில், நோர்பரியில் இருபத்திரண்டு வருடமாகச் சேலைக்குப் பிளவுஸ் தைக்கிறேன். தோள், கை, முதுகு, இவ்வளவுதான் என் கண்ணில் படும். அப்படித்தான் அன்றைக்கு என் மகள் றொஷானியின் வலது தோளைக் கண்டேன். கழுத்தெலும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில், நீலமும் மஞ்சளுமாகக் கண்டிப்போயிருந்தது.

"என்னடி இது?"

"ரைபிள் அம்மா. சுடேக்கை பின்னாலை உதைக்கும். நோர்மல்."

அவளுக்கு இருபத்தாறு வயது. ரயில்வே சிக்னல் இன்ஜினியர். போன வருடம் லைசென்ஸ் எடுத்து, யாரோ பாவித்த துவக்கொன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் இலக்குக்குச் சுடுகிறாள். கண்டறியாத விளையாட்டு என்று திட்டினேன். வீட்டு வாசலுக்கு அது வரக்கூடாது என்றேன். கிளப்பின் இரும்பு அறையில் வைத்துப் பூட்டுகிறாள். துவக்குத் தோளில் தடம் வைக்கும் என்று எனக்குத் தெரியாதா? நல்லாய்த் தெரியும். இங்கிலாந்தில் அதை நினைக்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன்.

இன்னும் மூன்று கிழமையில் அவள் யாழ்ப்பாணம் போகிறாள், மச்சாளின் கல்யாணத்துக்கு, தனியாக. நான் இருபத்தெட்டு வருடமாகப் போனதில்லை. யார் கேட்டாலும் தையல் ஓடர் இருக்கு என்று சொல்லிச் சமாளிப்பேன்.

"இந்தத் தோளோடை நீ அங்கை போகேலாது."

"கழுத்தை ஏத்தித் தைச்சால் தெரியாது அம்மா."

"போகேலாது எண்டால் போகேலாது."

நாடாவைச் சுருட்டி மேசையில் எறிந்தேன். எனக்குக் கோபம் முதலில் வரும், காரணம் பிறகுதான் வரும். அன்றைக்கு அது கோபமே இல்லை, பயம். அவள் வேலைக்குப் போனபின் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தொண்ணூற்றாறில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இளம் பெடியளை வரிசையில் நிறுத்திச் சேட்டைக் கழற்றச் சொல்வார்கள். தோளில் கறுப்புத் தடம் இருந்தால் துவக்குப் பிடித்தவன் என்று முடிவு. என் சின்னண்ணையின் தோளில் இருந்தது. நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை.

சுடுவதை விடமாட்டேன், துவக்கில் தோளோடு அண்டும் கட்டையை மாற்றினால் உதை குறையும் என்று றொஷானி சொன்னாள். ஸ்டொக் என்பார்களாம். "அப்ப சனிக்கிழமையே மாத்து, நானும் வாறன்," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

துவக்குக் கடை குறோய்டனையும் தாண்டி இருந்தது. சுவர் முழுக்கத் துவக்குகள். வாசற்படியில் என் கால் நின்றுவிட்டது. றொஷானி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கடைக்காரர் நரைத்த தலை வெள்ளைக்காரர், மரியாதையான மனிதர். கிளப்பிலிருந்து எடுத்து வந்த துவக்குப் பெட்டியை அவள் திறந்தபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் அவளைத் துவக்கைத் தோளில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். இது உயரமான ஆணுக்குச் செய்த கட்டை, இவளுக்கு நீளம் கூடிவிட்டது, தோள்குழிக்குள் அண்டாமல் எலும்பில் ஏறி நிற்கிறது என்றார். பின்பக்கத் தகடும் ஒடுக்கம், கல்லுப்போல. உதை முழுவதும் ஓரிடத்தில் விழுகிறது.

இது எனக்கு விளங்கியது. கோபமும் வந்தது.

"ஆரோ ஒரு ஆம்பிளையின்ரை அளவுக்குத் தைச்சதை நீ போட்டால் வேறை என்ன நடக்கும்?"

கைப்பையிலிருந்து நாடாவை எடுத்தேன். அவள் முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து சுடுவிரலின் முதல் கணு வரை அளந்தேன். பன்னிரண்டரை அங்குலம். பழைய கட்டையை அவர் அளந்தார், பதினாலு. சிரித்துக்கொண்டு, நீங்கள் சொல்வது சரி என்றார்.

மூன்று கட்டைகளை மேசையில் வைத்தார். ஒன்று வடிவான வால்நட் மரம். ஒன்று பாரமே இல்லாத பிளாஸ்டிக், றொஷானிக்கு அதில்தான் ஆசை. மூன்றாவது பலகை ஒட்டிச் செய்தது, பாரம். நீளத்தையும் கன்னம் வைக்கும் இடத்தையும் கூட்டிக் குறைக்கலாம், பின்னால் தடித்த மெத்தை ரப்பர். பாரம் உதையை விழுங்கும், அகலமான ரப்பர் மிச்சத்தைப் பரப்பிவிடும், பாரமில்லாதது இன்னும் உதைக்கும் என்றார்.

"இதுதான்," என்று பாரமானதில் கையை வைத்தேன். பிறகு அவரைக் கேட்டேன், தடம் விழாதா?

குறையும் என்றார். விழவே விழாதென்று வாக்குத் தரமாட்டாராம். திரும்பவும் கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன்.

காருக்குள் ஏறியதும் றொஷானி சாவியைப் போடாமல் இருந்தாள். "அம்மா, என்ன பிரச்சினை உங்களுக்கு?"

மாமா காணாமல் போனது அவளுக்குத் தெரியும். ஏன் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"சின்னண்ணை ஒரு நாளும் துவக்குத் தொட்டவனில்லை. அது என்ரை தையல் மெஷின். இடம்பெயரேக்கை அது இல்லாமல் வரமாட்டன் எண்டு றோட்டிலை குந்தியிருந்து அழுதன். இரும்பு மெஷினைத் தோளிலை வைச்சுக் கொடிகாமம் வரைக்கும் நடந்தவன். ஆறு மாசத்தாலை திரும்பி வரேக்கையும் அவன்தான் தோளிலை காவினவன். புண் காஞ்சு கறுத்துப் போச்சு. அதைத்தான் அவங்கள் பாத்தவங்கள்."

அவள் சாவியை மடியில் போட்டாள்.

"இப்ப ஒருத்தரும் தோள் பாக்கமாட்டினம் அம்மா."

"எனக்குத் தெரியும். என்ரை வயித்துக்குத் தெரியேல்லை."

அடுத்த ஞாயிறு கிளப்பில் விருந்தினர் நாள். அவள் தோள் ஆறட்டும், புதுக் கட்டையில் தடம் விழுகிறதா என்று நான் சுட்டுப் பார்க்கிறேன் என்றேன். உங்களுக்கென்ன விசரோ, பைத்தியமோ என்று கேட்டாள். இருக்கலாம். சிறைக்குப் போனதில்லை என்று கிளப்பில் நீட்டிய படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன், கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. பாயில் குப்புறப் படுத்தேன். பழக்குகிற பெண் பக்கத்தில் இருந்து கட்டையைத் தோள்குழிக்குள் இழுத்து வைத்தாள். ஐந்து முறை சுட்டேன், ஐந்து முறையும் முருகனைக் கூப்பிட்டேன். குண்டுகள் எங்கே போயின என்று அவனுக்குத்தான் தெரியும்.

இரவு கண்ணாடியில் பார்த்தேன், தோளில் ஒன்றுமில்லை. விடியப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்தில் மெல்லிய நீலம்.

தொப்பென்று கட்டிலில் இருந்துவிட்டேன். றொஷானி வந்து என் தோளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். தன் அறைக்குப் போய், கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த சேலையைக் கொண்டுவந்து என் அலுமாரிக்குள் வைத்தாள்.

"நான் போகேல்லை அம்மா. டிக்கெட்டைக் கான்சல் பண்ணுறன். நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ."

இதைத்தான் இத்தனை நாளும் கேட்டு அழுதேன். இதோ தந்துவிட்டாள், ஒரு சண்டையும் இல்லாமல். அன்றைக்கு நான் அழுதேன் என்றுதான் சின்னண்ணையும் குனிந்து தோளைக் கொடுத்தான். என் அழுகைக்கு இன்னும் எத்தனை பேர்? எனக்கு என்மீதே பற்றிக்கொண்டு வந்தது.

"கான்சல் பண்ணாதை. எனக்கும் ஒண்டு போடு, உனக்குப் பக்கத்துச் சீற்."

"உங்களுக்குப் பயமெல்லே."

"பயம்தான். ஆர் இல்லையெண்டது? எயார்போட்டிலை வரிசையிலை நான் முன்னாலை நிப்பன். பாக்கிறதெண்டால் முதல்ல என்ரை தோளைப் பாக்கட்டும்."

அவள் லப்டொப்பைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்து, என் பாஸ்போர்ட்டை எடுத்து நம்பரை வாசிக்கச் சொன்னாள். கை நடுங்கி இலக்கங்கள் ஆடின, என்னால் வாசிக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடித்திருந்த கை என்னுடையது இல்லை, அவளுடையது.