இருபதுக்கு மேல் ஒரு படி

டிபன் பாக்ஸ் மூடிக்குள் பகடை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் இருபது முகங்களும் கலந்து ஒரே சாம்பல் உருண்டையாகத் தெரிகின்றன, எவர்சில்வர் விளிம்பில் மோதி மோதி ணங்கென்று ஒரு சத்தம், மூடிக்கு அந்தப் பக்கம் அட்டைத் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்க்கிற வாணியின் கண்கள், மூக்கு நுனி சிவந்திருக்கிறது, சளி பிடித்திருந்தது அவளுக்கு, ஜன்னல் வழியாக ஆடிக் காற்று புகுந்து மேசைமேல் விரித்த வரைபடத்தைத் தூக்கப் பார்க்கிறது, அதன் மூலைகளில் பழைய பேரிங்குகளைப் பாரமாக வைத்திருக்கிறோம், இருபது விழ வேண்டும், இருபது விழ வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், யாரைக் கட்டிப்போடுவதற்காக அந்த இருபது என்பதுதான் இத்தனை நாள் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

வாணி என் மனைவி, முழுப்பேர் கோகிலவாணி, நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், நான் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது சொல்கிறவன், ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு நண்பர்கள் சதாசிவமும் ரெஜினாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், சதாசிவத்துக்குக் கணபதியில் லேத் பட்டறை, அந்தப் பகடையே அவன் அலுமினியத்தில் செய்து கொடுத்ததுதான், ரெஜினா பல் டாக்டர், நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடுகிற ஆட்டம் அது, வாணி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்துவாள், ராஜா, பேய், சத்திரக்காரன், குதிரை வியாபாரி எல்லாமே அவள்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருப்பாள், நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷம், செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும், பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்னது விழுந்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான், ஜெயிக்க ஜெயிக்கப் படிப்படியாக ஏறுவோம், நான் மந்திரவாதி, முதல் நாள் பேர் என்ன என்று வாணி கேட்டபோது வாயில் வந்தது இருளப்பன், சதாசிவம் விழுந்து விழுந்து சிரித்தான், புளியந்தோப்புக்குக் காவல் இருக்கறவனாட்ட இருக்குது மாப்ள என்றான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் பிடிவாதமாக மாற்றவில்லை. அந்த இருளப்பன் விளக்கு ஏற்றுகிற ஒரே ஒரு மந்திரத்தோடு புறப்பட்டவன், நெருப்பு மழை பெய்விக்கிறவனாக, பூட்டைத் திறக்கிறவனாக, மனசைப் படிக்கிறவனாக வளர்ந்தான், அவன் வளர வளர வீட்டில் எங்கள் பேச்சு குறைந்தது, கேஸ் புக் பண்ணியாச்சா, சிறுவாணித் தண்ணி வந்துச்சா என்ற அளவுக்கு வற்றிவிட்டது, சண்டை ஒன்றும் கிடையாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த அட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் பேச்சு பொங்கிக்கொண்டு வரும், நாடிழந்த ராணியாக அழுவாள், இருளப்பனாக நான் அவளைத் தேற்றுவேன், ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு நீயாவது இருக்கிறாயே என்பாள், எழுந்து கை கழுவிவிட்டு வந்தால் மறுபடியும் கேஸ் சிலிண்டர்.

அந்தச் சளி பிடித்த ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆற்றைக் கடத்திவிட வந்தவள் ஒரு படகுக்காரி, கரகரத்த குரல் அவளுக்கு, வாணி தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் குரலை வரவழைப்பாள், ஆனால் அன்றைக்கு அவளுடைய சொந்தக் குரலே கரகரத்துக் கிடந்தது, சுக்குக் காப்பியைக் குடித்துக் குடித்துப் பேசினாள், முந்தின வாரம்தான் நெதர்லாந்திலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது, போனால் போனதுதான், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புகிற வேலை இல்லை அது, என்னையும் கூப்பிட்டாள், அங்கே வந்து நான் எந்த மோட்டார் சத்தத்தைக் கேட்பது என்றேன், அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது, சதாசிவமும் ரெஜினாவும் ரோட்டுக் கடையில் காளான் வாங்கப் போயிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும், வரைபடத்து ஆற்றங்கரையில் எங்கள் வேஷங்களுக்கும் படகுக்காரிக்கும் அடையாளமாக வைத்த பொம்மைகள் நிற்கின்றன, அவள் அட்டைக்கு மேலாக என்னைப் பார்த்து, இந்தக் கரையிலயே நின்னு நின்னு அலுத்துப்போச்சு, நான் போகட்டுமா என்றாள். நான் பகடையை எடுத்தேன், கட்டு மந்திரம் போடறேன் என்றேன், ஆளை நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கிற மந்திரம், இருளப்பனின் கைவசம் இருந்ததிலேயே அதுதான் பெரியது, மூடிக்குள் பகடை சுற்றிச் சுற்றி இருபது விழுந்தது, வாணி அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், சரி, கட்டுண்டு நிக்கறா என்றாள். காளான் வந்தது, சாப்பிட்டோம், நாங்களே துடுப்புப் போட்டு ஆற்றைக் கடந்தோம், நெதர்லாந்துக்கு அவள் பதில் எழுதவில்லை, அந்த வேலை வேறு யாருக்கோ போனது, கேட்டது படகுக்காரியா வாணியா என்று நான் கேட்கவே இல்லை, இல்லை, கேட்டுத்தான் மறந்துவிட்டேனா, ஒரு தரம் கேட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் அப்போது படகு எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறது, வாணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள், அப்படியென்றால் அது கனவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒருநாள் மூன்று பேரும் இருபதாம் படிக்கு வந்து சேர்ந்தோம், விதிப் புத்தகத்தில் அதுதான் கடைசி, அதற்கு மேல் பின்னட்டைதான், சதாசிவத்தின் வாள்வீரன் வாளை ஆணியில் மாட்டிவிட்டுப் பிரியாணிக் கடை போட்டான், ரெஜினாவின் திருடி மனம் திருந்தி நகைக்கடை வைத்தாள், இரண்டு பேருக்கும் திருப்தி, எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது, ஏனென்றால் அதே வாரம் நெதர்லாந்திலிருந்து வாணிக்கு இரண்டாவது தடவையாக அழைப்பு வந்திருந்தது, கதை முடியட்டும், போறேன் என்று ரசம் ஊற்றும்போதே சொன்னாள், அப்படியானால் கதை முடியக் கூடாது, எனக்குத் தோன்றியது அவ்வளவுதான், இருளப்பனுக்கு இருபத்தொன்று வேண்டும் என்று அடம் பிடித்தேன், சதாசிவம் பாவம், இந்த ஆட்டம் ஆடுகிற வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று போனில் தேடித் தேடிச் சொன்னான், சிலர் இருபதுக்கு மேல் மந்திரம் தராமல் வரம் மட்டும் தருகிறார்களாம், சிலர் மந்திரவாதியை வேறொரு தொழிலில் முதல் படியிலிருந்து ஏறவைக்கிறார்களாம், சிலர் பழைய மந்திரங்களையே இரண்டு மடங்கு வலுவோடு போட விடுகிறார்களாம், எதுவாக இருந்தாலும் சரி என்றேன், வாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இன்னும் வலுவக் குடுத்து என்ன பண்ண, இருக்கறத வெச்சே ஒருத்தரையும் நகர விடறதில்ல அவன் என்றாள், ரெஜினா சட்டென்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறகு வாணியே ஒரு விதி போட்டாள், இருபதுக்கு மேல ஏறணும்னா படிக்கு ஒரு மந்திரத்த விட்டுரணும், விட்டது திரும்ப வராது, சம்மதமா. உடனே சம்மதித்தேன், இருளப்பனிடம் மந்திரம் கூடை கூடையாக இருக்கிறது, ஒவ்வொன்றாக விட்டால் வருஷக்கணக்கில் இழுக்கலாம் என்பது என் கணக்கு, இழுக்கிற வரைக்கும் அவள் இங்கே இருப்பாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான், ஞாயிறு மட்டும் என்றிருந்தது தினமும் சாயங்காலம் என்று ஆகிவிட்டது, யார் முதலில் கூப்பிட்டது என்று ஞாபகமில்லை, நானாக இருக்க முடியாது, சீக்கிரம் தீர்ந்துவிடுமே, ஆனால் நானாகவும் இருக்கலாம், அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கம்பெனியிலிருந்து ஓடி வருவேன். நெருப்பு மந்திரத்தை விட்டேன், அதற்கப்புறம் எந்த நெருப்பும் இருளப்பனைச் சுடவில்லை, பூட்டைத் திறக்கிற மந்திரத்தை விட்டேன், ஊர் ஊராகக் கதவுகள் திறந்தே கிடந்தன, பறக்கிற மந்திரத்தை விட்டதற்கு என்ன கிடைத்தது, ஒன்றுமே கிடைக்கவில்லையோ என்னவோ, கேட்டதற்கு, எல்லாத்துக்கும் கூலி கெடைக்குமா என்று வாணி சிரித்தாள், மனசைப் படிக்கிற மந்திரத்தை விடும்போது மட்டும் தயங்கினேன், அது இல்லாமல் எதிராளி என்ன நினைக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஆனால் அன்றிலிருந்து வழிப்போக்கர்கள் தாமாகவே வந்து இருளப்பனிடம் மனசைக் கொட்ட ஆரம்பித்தார்கள், ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டே, எனக்கு உன்ன விட்டுட்டுப் போறதுதான் பயமா இருக்குது, அங்க போறதுக்குப் பயமில்ல என்றாள், சத்திரத்துச் சமையல்காரி என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் கண் எரிந்ததே எனக்கு, கதைக்குள் உரிக்கிற வெங்காயம் கண்ணை எரிக்குமா, எங்கள் சமையலறையில்தான் நின்றிருந்தேன் போலிருக்கிறது.

கூடை காலியாகும் என்று நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியானது, இருளப்பனிடம் மிஞ்சியது கட்டு மந்திரம் ஒன்றுதான், அன்றைக்கும் காற்று, பேரிங்குகளை மீறி வரைபடம் படபடக்கிறது, வாணி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அட்டைத் தடுப்பை மடித்துக் கீழே வைத்தாள், அவள் முகம் முழுதாகத் தெரிந்தது, கன்னத்தில் மஞ்சள் வெயில், அந்தப் படகுக்காரி இன்னும் கரையிலயேதான் நிக்கறா, மறந்துட்டியா என்றாள். எனக்குத் திக்கென்றது, ஆற்றைக் கடந்து, மலையைக் கடந்து, ராஜாக்களைக் கவிழ்த்து, பிரியாணிக் கடையே வந்துவிட்டது, அவளை யாரும் அவிழ்த்துவிடவில்லை, மழையிலும் வெயிலிலும் வெறுங்கையோடு அதே இடத்தில், நான் பாட்டுக்குப் படி ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன். இத விட்டா என்ன கெடைக்கும் என்று கேட்டேன், கேட்டபிறகுதான் வெட்கமாக இருந்தது, எனக்கும் தெரியாது என்றாள் அவள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது, அட்டை இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு, கரகரப்பே இல்லாத குரலில், நான் போகட்டுமா என்றாள். படகுக்காரியா வாணியா, இப்போதும் எனக்குப் புரியவில்லை, கை பழக்கத்தில் பகடையைத் தேடியது, எடுத்தேன், அலுமினியம் சில்லென்றிருந்தது, அதை உருட்டாமல் அவள் பக்கமாக மேசைமேல் வைத்தேன், விட்டுட்டேன் என்றேன், போயிட்டு வா என்று சொல்லித்தான் நமக்கெல்லாம் பழக்கம், வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆளைப் போ என்று யார் சொல்வார்கள், அந்த வா என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, அதுவும் ஒரு கட்டுதானே, விழுங்கிக்கொண்டேன், வாணி, போ என்றேன். அவள் அழுதாள், நானும்தான், ராணியும் இருளப்பனுமாக எத்தனையோ தடவை அழுதிருக்கிறோம், இந்த அழுகை கையைக் கழுவிவிட்டு வந்த பிறகும் நிற்கவில்லை.

இன்றைக்கு என்ன கிழமை, ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும், சதாசிவம் காளான் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், விமான நிலையத்துக்கு அவன்தான் வண்டி ஓட்டினான், மேசைமேல் அந்த மூடி அப்படியே இருக்கிறது, உள்ளே பகடை, அவள் எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன், வரைபடத்து ஆற்றங்கரையைப் பார்க்கிறேன், படகுக்காரியின் பொம்மையை மட்டும் காணோம், கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்து தேடுகிறேன், மேசைக்கு அடியில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, அப்போது போனில் ஒரு சத்தம், குரல் செய்தி, போட்டுக் கேட்கிறேன், குளிர் தேசம், போனதுமே சளி பிடித்திருக்கிறது போல, தொண்டை கரகரக்கிறது, அக்கரைக்கு வந்து சேந்துட்டேன், இங்கயும் நல்ல காத்து, சாப்பிட்டியா, அவ்வளவுதான். படகுக்காரியா என்று நினைக்கிறேன், வாணியா என்று நினைக்கிறேன், இன்னொரு தரம் கேட்கிறேன், சாப்பிட்டியா என்று இருளப்பனை இதுவரை யாரும் கேட்டதில்லை, கை தானாகப் பகடையை எடுத்துச் சுழற்றிவிடுகிறது, மூடிக்குள் அது சுற்றுகிறது, இருபது முகமும் கலந்து ஒரே உருண்டை, விளிம்பில் ணங் ணங், மூடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி, ஜன்னல், காற்று, இந்தத் தடவை எந்த எண் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, அது சுற்றட்டும் என்று விட்டுவிட்டு, இன்னும் இல்லை, இனிமேல்தான் என்று அவளுக்குப் பதில் சொல்கிறேன்.