மாமியாரைக் கணக்கில் சேர்க்காத மனு

பஸ் பணிமனை மெக்கானிக்குகள் ஓய்வூதியத்துக்கு மனுப் போட ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அப்பா எந்த வயதில் செத்தார், தாத்தா எந்த வயதில் செத்தார்? அதற்குள் எவ்வளவு சீக்கிரம் வாங்க முடியுமோ வாங்கிவிட வேண்டும். ஆம்பளை மூளைக்கு அதற்கு மேல் கணக்கு ஓடாது.

கிரீஸ் என்று பெயர் வாங்கிய மூத்த மெக்கானிக்கின் அப்பா அறுபத்தாறில் போனவர். கிரீஸுக்கு இப்போது அறுபத்திரண்டு. பஸ்ஸுக்கு அடியில், பள்ளத்தில் நின்று அண்ணாந்தே வேலை பார்த்ததில் கழுத்து இறுகிப்போயிருந்தது. கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்புவார். ராத்திரிதோறும் அவர் மனைவிதான் அதற்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அறுபத்தைந்தில் வரவேண்டிய ஓய்வூதியத்தை மூன்று வருஷம் முன்னதாகவே வாங்க அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள்.

ஓய்வூதிய அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த பெண் மனுவைப் புரட்டினாள்.

“முன்னாடியே வாங்கினா அஞ்சுல ஒரு பங்கு குறையும் சார். ஆயுசுக்கும் அப்படித்தான்.”

“தெரியும்மா. எங்க வம்சம் அறுபத்தாறைத் தாண்டாது. கிடைச்ச வரைக்கும் லாபம்.”

“உங்களுக்கு அப்புறம் இந்த அம்மாவுக்குப் பாதி வரும். அந்தக் குறைஞ்சதுல பாதி.” கவுண்டர் பெண் அவர் மனைவி பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு என்னம்மா வயசு?”

“அம்பத்தஞ்சு.”

“உங்க அம்மா இருக்காங்களா?”

“தொண்ணூத்திரண்டு,” என்று முந்திக்கொண்டார் கிரீஸ். “நேத்துக்கூட என்னைப் பிடி பிடின்னு பிடிச்சாங்க.” சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முழு உடம்பையும் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“என் சாவைத்தான் கணக்குப் பண்ணினேன். உன் ஆயுசை மறந்தே போயிட்டேன்.”

பேனா அவள் கையில் இருந்தது. ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷமும் எல்லாவற்றுக்கும் சொன்ன வார்த்தைதானே. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“எனக்குப் பயமா இருக்குங்க. இன்னும் மூணு வருஷம் வேலைக்குப் போறீங்களா?”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அவர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. “அதுக்கென்ன, போறேன்,” என்று மனுவை மடித்துப் பையில் வைத்தார். இப்போதே கிளம்பினால் மதிய ஷிஃப்டைப் பிடித்துவிடலாம் என்று எழுந்தும் விட்டார்.

திட்டியாவது தொலைத்திருக்கலாம் இந்த மனுஷன் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.