மோரக் கின்னியருக்கு ஓர் அறிமுகம்

இரண்டு வசனம் போதும் என்றுதான் மோரக் சொன்னார். "பெயரைச் சொல்லுங்கள், ஸ்கொட்லாந்துக்காரி என்று சொல்லுங்கள், இறங்கிவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டும்போதே என் கோட்டின் உள்பையில் பதினொரு பக்கம் மடித்து வைத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நான் சோதிலிங்கம். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் நோயாளிகளைச் சிகிச்சைக்கு ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறேன். மோரக் கின்னியரை எட்டு மாதமாகத் திங்களும் வியாழனும் குரல் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். எழுபத்தேழு வயது. தொண்டையில் வளர்ந்த கட்டியை வெட்டி எடுத்ததில் குரல் நாண் பழுதாகி, இரண்டு வருடமாகப் பாடவே இல்லை. அவர் பாடாமல் இருப்பதென்றால் சும்மா இல்லை. பதினைந்து வயதில் கிறீனொக் என்ற துறைமுக ஊரின் நடன மண்டபத்தில் பாடத் தொடங்கியவர். பதினாறில் பாடிய ஒரு பாட்டு பிரித்தானியா முழுக்கக் கேட்டது. அதே பாட்டை ஜெர்மனில் பாடவைக்க ஹம்பேர்க்குக்குக் கூட்டிவந்தார்கள். ஒரு சொல்லும் விளங்காமல், ஒலியை மட்டும் எழுதிவைத்துப் பாடி, அதற்குப் பிறகு... பாருங்கள், இங்கேயும் தொடங்கிவிட்டேன். இதுதான் என் வியாதி.

அவர் எப்போதும் முன் ஆசனத்தில் என் பக்கத்தில்தான் இருப்பார். போகும்போது உதடுகளைப் படபடவென்று அதிரவைத்துப் பயிற்சி செய்வார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்த்தால் அவருக்கும் ஒரு தடவை உதட்டை அதிரவைத்துக் காட்டுவார். திரும்பி வரும்போது பழைய கதை. இரண்டு பேருக்கும் ஜெர்மன் இரவல் மொழி என்பதால் பிழை விட யாரும் கூச்சப்படவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் அந்த முதல் பாட்டின் முதலடியை முழுதாகப் பாடிவிட்டார். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்குக் கண் கலங்கியது. அது உண்மையான கண்ணீர்தான், அதை மட்டும் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

ஹம்பேர்க்கில் இலையுதிர்காலத்தில் பழைய பாடகர்களுக்கு ஒரு பெரிய மேடை. அவரையும் கேட்டிருந்தார்கள். ஓம் அல்லது இல்லை என்று எழுதவேண்டும். அதற்கு முன் எங்காவது சனத்துக்கு முன்னால் ஒரு தடவை பாடிப் பார்க்க ஆசைப்பட்டார். "தெரிந்தவர்கள் முன்னால் பாட முடியாது. பழைய குரலை நினைத்துக்கொண்டு கேட்பார்கள். உங்கள் ஆட்களுக்கு என்னைத் தெரியாது. அங்கே பாடட்டுமா?" என்று அவராகவே கேட்டார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா ஜூன் கடைசிச் சனிக்கிழமை. தலைவர் சிற்றம்பலம் அண்ணையிடம் கேட்டேன். "வெள்ளைக்கார நட்சத்திரமோ? கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சி செய்து குரலைச் சூடாக்கினால் அது இருபது நிமிடம் நிற்கும். பிறகு கட்டிவிடும். அதே நாளில் இன்னொரு தடவை சூடாக்கக் கூடாது என்பது பயிற்சியாளரின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே ஆறு மணிக்கு மேடை என்றால் ஆறுக்கே மேடை. நான் பொறுப்பு என்று சொன்னேன்.

சரி, அந்தப் பதினொரு பக்கம் எங்கிருந்து வந்தது? முப்பத்திரண்டு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறேன். கதிரை அடுக்குவேன், ஒலிபெருக்கி பூட்டுவேன், "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று" என்று சோதித்துப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியை ஒரு பிரமுகரின் கையில் கொடுத்துவிட்டு இறங்குவேன். எங்கள் மேடையில் நான் ஆற்றிய மொத்தச் சொற்பொழிவும் அந்த ஒன்று இரண்டு மூன்றுதான். ஒரு தடவையாவது நாலு வரி பேசச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இப்போது மோரக்கை யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். விழாவுக்கு ஒரு வாரம் முன்னிருந்தே வேலை முடிந்து வந்து எழுதினேன். ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை நிகழ்ச்சிகள் அதிசயமாக நேரத்துக்கு ஓடின. மண்டப வாசலில் என் வண்டிக்குள் இருந்தபடி மோரக் குரலைச் சூடாக்கினார். நீல நிறச் சட்டை, கழுத்தில் ஒரு சின்ன முத்துமாலை. கை நடுங்கியது. "பதினைந்து வயதிலும் இப்படித்தான் நடுங்கியது," என்று சிரித்தார். ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்க உள்ளே கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினேன். பாட்டுக்கு வாசிக்க இருந்த சங்கத்துப் பொடியன் துவாரகன் கீபோர்ட்டில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். நான் மேடையில் ஏறினேன்.

பெயரைச் சொன்னேன். ஸ்கொட்லாந்து என்று சொன்னேன். இறங்கியிருக்க வேண்டும். ஆனால் முன்னூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கூடக் கதையை நிறுத்திவிட்டார்கள். கை தானாகவே உள்பைக்குப் போனது என்று சொல்ல ஆசைதான், ஆனால் தானாகப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன்.

கிறீனொக்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்த அவருடைய தகப்பனிலிருந்து தொடங்கினேன். ஊர்ப்பெயர் காதில் விழுந்ததும் மோரக் முகம் மலர்ந்தார். ஹம்பேர்க், தொலைக்காட்சி, சனிக்கிழமை நிகழ்ச்சிகள். பிறகு இரண்டு படங்கள். இரண்டாவது படம் படுத்துக்கொண்டது என்று நான் சொன்னபோது மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது என் தலைக்கு ஏறிவிட்டது. பாட்டுக்கு யாரும் கூப்பிடாத பத்து வருடத்தையும், மதுக்கடைக்காரியாக ஒன்பது வருடம் நடித்த தொடர் நாடகத்தையும், ஐம்பது வயதில் இளம் பொடியளோடு சேர்ந்து பாடி மறுபடி முதலிடத்துக்கு வந்ததையும், டோர்ட்மண்டில் ஒலிப்பதிவாளர் ஒருவரைக் கல்யாணம் முடித்து, அவர் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பக்கவாட்டில் என் மனைவி பிறேமா கையைக் கையை ஆட்டினாள். ஒலி குறைவாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து இன்னும் உரத்துப் பேசினேன். மோரக் இரண்டு தடவை தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தன் கதையைக் கேட்டுத் தொண்டை அடைத்துவிட்டது பாவம் என்று நினைத்தேன். அந்த மனுசியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்து, எழுதி வைக்காததையும் இன்னும் இரண்டு பக்க அளவுக்குக் கூட்டினேன்.

முடித்தபோது ஆறு நாற்பத்தொன்று. கைதட்டல் ஓய நேரம் எடுத்தது.

மோரக் மேடைக்கு வந்தார். துவாரகன் வாசித்தான். முதலடியின் பாதி வந்தது. பிறகு, தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருமே, அப்படி ஒரு சத்தம். கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தி, திரும்பவும் வாசிக்கச் சொல்லி, திரும்பவும் முயன்றார். ஒன்றும் வரவில்லை. ஒலிவாங்கியை விட்டு விலகி நின்று ஒரு சின்ன வணக்கம் போட்டார். சனம் விழுந்து விழுந்து கைதட்டியது. சிற்றம்பலம் அண்ணை பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். அதில் மோரக் சிரித்தபடிதான் நிற்கிறார், அறுபது வருடப் பழக்கம்.

தேநீர் இடைவேளையில் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணை, பேச்செண்டால் இது பேச்சு. இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சிருந்தனீங்கள்?" என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தேன். சந்தோசப்பட்டேன். நாலு கதிரை தள்ளி, போர்த்த பொன்னாடையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு மோரக் தனியே இருந்தார். அதைக் கண்டுகொண்டுதான் சந்தோசப்பட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறேமா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அவா எட்டு மாசம் பாடுபட்டது இந்த மூண்டு நிமிசத்துக்கு. நீங்கள் அதைத் திண்டுபோட்டு நிக்கிறியள். ஒராள் வந்து மெச்சினால் பல்லைக் காட்டுறியள். வெக்கமா இல்லையே உங்களுக்கு?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை," என்றேன்.

"பதினொரு பக்கம் எழுதினது ஆர்? நானோ?"

வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது மோரக் ஒரு சொல்லும் பேசவில்லை. குரலுக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் போனேன். மோரக் பின் கதவைத் திறந்து ஏறி, என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். உதட்டுப் பயிற்சி எதுவும் இல்லை. இரண்டு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். அதுவும் நீண்டுபோகிறது என்று தெரிந்து பாதியில் நிறுத்தினேன்.

"ஹம்பேர்க்குக்கு எழுதிவிட்டேன்," என்றார். குரல் கரகரத்தது. "வரவில்லை என்று."

"இன்னொரு தடவை பாடிப் பார்க்கலாமே. வேறு இடத்தில். நான் வாயே திறக்கமாட்டேன்."

"ஒரு தடவைக்குத்தான் என்னிடம் துணிவு இருந்தது, சோதி."

பெருந்தெருவில் ஏறினோம். பிறகு, கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில் சொன்னார். "அறுபது வருடமாக என்னை எத்தனையோ பேர் அறிமுகம் செய்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தவர்கள், என் பெயரை மாற்றிச் சொன்னவர்கள், எல்லாரும் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் நான் மேடைக்கு வரவேண்டும் என்று விரும்பினார்கள். நீங்கள் ஒருவர்தான் விரும்பவில்லை."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை. அவர் வந்தால் நான் இறங்கவேண்டும். அந்த நாற்பது நிமிடமும் எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். தெருவை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. வண்டியின் ஒலிபெருக்கியில் சிற்றம்பலம் அண்ணையின் குரல் வெடித்தது.

"சோதி, சனம் முழுக்க உம்மட பேச்சைத்தான் கதைக்குது. பழைய மாணவர் சங்கத்தின்ரை விழாவுக்கும் நீர்தான் பேசவேணுமாம். கேட்டுச் சொல்லச் சொன்னவை."

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல், அதையும் மோரக்கின் காதில் படவே சொல்லியிருக்கலாம்.

"எந்தத் திகதி அண்ணை?" என்று கேட்டேன்.

மோரக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.