நிற்காத கூட்டல்

பாக்கி நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. 'கணினிவழிக் கணிதச் சிந்தனை'க் கட்டணமாம். பாதிப் பணம் பேர் வைத்ததற்கே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் அம்மாக்காரி. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் ஆலையில் கை வெந்துபோனவள். அன்று சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் மகளுக்குப் பரீட்சை நுழைவுச்சீட்டு கிடையாது. தவணை கேட்கத்தான் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"தவணையெல்லாம் இல்லம்மா. பிள்ளைங்களை இப்பவே சிந்திக்கப் பழக்குறோம்" என்றார் தலைமையாசிரியர்.

"கணக்குல எம் பொண்ணு சிந்திச்சதுக்குத்தான் முட்டை போட்டீங்களா?"

கணக்கு வாத்தியார் வரவழைக்கப்பட்டார். பின்னாலேயே மகளும் வந்தாள்.

"ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் கூட்டுற புரோகிராம். நான் போர்டுல எழுதிப் போட்டதை மனப்பாடமா எழுதி, விடை ஐயாயிரத்து ஐம்பதுன்னு போடணும். எல்லாரும் போட்டாங்க. இவ மட்டும், 'இது நிக்காது, விடையே வராது'ன்னு எழுதி வெச்சிருக்கா. அதிகப்பிரசங்கி!"

"மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா சார்?" என்றாள் அம்மாக்காரி.

"பரீட்சை நேரத்துல மெஷினைத் தொடக் கூடாது. கெட்டுப்போயிடும்."

"எங்க ஆலையில துணியை நனைக்காமலே துவைச்சுட்டேன்னு சொன்னா, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க சார். நான் காசு கட்ட வேண்டிய மெஷினைக் காட்டுங்க."

கட்டணம் கட்ட வரிசையில் நின்ற பெற்றோர் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததால், தலைமையாசிரியருக்கு எழுந்திருப்பதைத் தவிர வழியில்லை. வரிசையும் கூடவே நகர்ந்தது. அறைக்குள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் காய்ச்சல்காரர்களைப் போலப் போர்த்திக்கொண்டு கிடந்தன. மகள் ஒன்றின் உறையை நீக்கினாள். போர்டில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் தட்டி ஓடவிட்டாள். திரையில் எண்கள் கொட்டத் தொடங்கின.

"கொஞ்சம் நேரமெடுக்கும்" என்றார் வாத்தியார்.

எடுத்தது. எடுத்துக்கொண்டே இருந்தது. லட்சத்தைத் தாண்டியது.

"ஐயாயிரத்து ஐம்பது எங்க சார்?" தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார்.

"அது... அப்பவே தாண்டிடுச்சு சார்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அடுத்த எண்ணுக்கு நகர்த்துற வரியே இதுல இல்ல சார்" என்றாள் மகள். "ஒண்ணையே திரும்பத் திரும்பக் கூட்டுது. அன்னிக்கே சொன்னேன், வெளிய நிக்க வெச்சீங்க."

வாத்தியாருக்கு அதை நிறுத்தவும் தெரியவில்லை. நாலு பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்தார். அம்மாக்காரிக்குக் கோபம்கூட வரவில்லை. இவர்களுக்குக் கோபம் ஒன்றுதான் கேடு!

தலைமையாசிரியர் அவளை ஓரமாக அழைத்தார். "உங்க பாக்கியை விட்டுடறோம்மா. வெளியில மட்டும்..."

"எனக்கு மட்டும் ஏன் சார்? இவங்க பிள்ளைங்களும் இதே மண்ணாங்கட்டியைத்தானே மனப்பாடம் பண்ணுச்சுங்க?" குரலை அவள் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

வரிசையில் நின்றவர்கள் கட்டுவதற்கு எடுத்த பணம் எல்லாம் பைக்குள் திரும்பிப் போயிற்று. யாரும் நகரவில்லை. கடைசியில் தலைமையாசிரியர் எவர் முகத்தையும் பார்க்காமல், கட்டணம் வாங்கும் கணக்கரிடம் 'விட்டுவிடு' என்பதுபோலக் கையை ஆட்டினார். கணக்கர் மகளின் நுழைவுச்சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, வகுப்பு மொத்தத்துக்கும் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்.